பனானாக்விட்: கியூபாவைத் தவிர்த்த குருவி, குடும்பம் மாறிய குருவி

கரீபியன் தீவுகளுக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் தவறாமல் போடும் படம் ஒன்று உண்டு. ஹோட்டல் மேசை, அதன்மேல் சர்க்கரைக் கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சின்னக் குருவி. முதுகு கறுப்பு, மார்பு எலுமிச்சை மஞ்சள், கண்ணுக்கு மேலே சுண்ணாம்பால் இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு, நுனி வளைந்த அலகு. அதற்குக் கீழே நம்மவர் யாராவது 'தேன்சிட்டு' என்று எழுதியிருப்பார்.

தேன்சிட்டு இல்லை. அமெரிக்கக் கண்டங்களில் தேன்சிட்டு என்ற குடும்பமே கிடையாது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு ஓரம், அவ்வளவுதான் அதன் எல்லை. படத்தில் இருப்பது பனானாக்விட். நம்மூர் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் வயிறும் மஞ்சள்தான், அலகும் வளைவுதான், அதனால்தான் குழப்பம். ஆனால் தேன்சிட்டு ஆணுக்கு வெயில் பட்டால் உலோகம்போல் மின்னும் இறகு உண்டு. பனானாக்விட்டில் மினுமினுப்பு எங்கும் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே உடுப்பு. அலகு குட்டை. வாயோரத்தில், அலகு முகத்தோடு சேரும் இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு சதைத்திட்டு தெரியும். அந்தத் திட்டும் புருவக்கோடும் சேர்ந்து தெரிந்தால் அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை.

இந்தக் குருவியைப் பற்றி எழுதக் காரணம், பார்வைக்கு இவ்வளவு எளிதாக இருக்கும் பறவை வகைப்பாட்டில் இவ்வளவு பேரை அலைக்கழித்திருக்கிறது என்பதுதான். கண்ணுக்குத் தெரிவதை நம்பினவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சறுக்கியிருக்கிறார்கள்.

முதல் சறுக்கல், உயிர்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸுடையது. 1758-இல் ஜமைக்காப் பறவையை வைத்து இதற்கு 'செர்தியா ஃப்ளாவியோலா' என்று பெயர் வைத்தார். செர்தியா என்பது ஐரோப்பாவில் மரப்பட்டையில் தொற்றி ஏறும் பறவைகளின் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி. வளைந்த அலகு உள்ள சிறு பறவை எது வந்தாலும் அந்தப் பெட்டியில் போடுவது அன்றைய வழக்கம். 1809-இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ அதை வெளியே எடுத்து 'கோயெரெபா' என்ற பேரினத்தில் வைத்தார். அது பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து வந்த சொல். ஃப்ளாவியோலா லத்தீன், சிறு பொன்மஞ்சள் என்று பொருள். ஆக இன்றைய அறிவியல் பெயர் கோயெரெபா ஃப்ளாவியோலா. அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்று.

ஊர்ப்பெயர்கள் இன்னும் சுவை. 'குவிட்' என்பது ஜமைக்காவில் சின்னக் குருவிகளுக்குச் சொல்லும் பொதுச்சொல். அதே தீவில் கிராஸ்குவிட் உண்டு, ஆரஞ்சுகுவிட் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் இது ரெய்னிட்டா, பிரேசிலில் கம்பாசிக்கா, டச்சு மொழியில் 'சர்க்கரைத் திருடன்'. மார்த்தினீக், குவாதலூப் தீவுகளில் சுக்ரியே, அதுவும் சர்க்கரையை ஒட்டிய பெயர்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போய்க் கரும்பு வெட்டிய தீவுகள் அவை. அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்கு இதுவே அதிகாரபூர்வப் பறவை.

இனி பரவல். பறவைக் கையேட்டின் பரவல் படத்தைப் பார்த்தால் ஒரே நிறத்தில் பெரிய பரப்பு பூசியிருக்கும்: தென்கிழக்கு மெக்சிகோ, நடு அமெரிக்கா, கொலம்பியா, வெனிசுவேலா, கயானாக்கள், பிரேசில், ஈக்வடார், பெரு, பொலிவியா, பராகுவே, கடைசியாக அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலை. அதோடு கரீபியன் தீவுகள் ஏறக்குறைய எல்லாம். அந்தப் பூச்சை அப்படியே நம்பக்கூடாது. தென் அமெரிக்காவில் அமேசான் படுகையின் அடர்ந்த காட்டு நடுவே போனால் இதைத் தேட வேண்டியிருக்கும். இதற்குப் பிடித்தது வெளிச்சம் விழும் இடம்: காட்டோரம், மறுவளர்ச்சிப் புதர், கடற்கரைக் குத்துச்செடி, சதுப்புநிலக் கண்டல், காப்பித் தோட்டம், வீட்டுத் தோட்டம். காடு வெட்டித் தோட்டம் போட்டால் எத்தனையோ பறவைகள் ஓடும், இது உள்ளே வரும். ஆகவே படத்தில் அமேசான் முழுக்க நிறம் அடித்திருந்தால், அது ஆற்றங்கரை, சாலையோரம், ஊர் என்ற புள்ளிகளைச் சேர்த்து அடித்த நிறம் என்று கொள்ளுங்கள்.

நிறம் இல்லாத இடங்கள்தான் அதைவிட முக்கியம். அவற்றில் பெரியது கியூபா. கரீபியனின் ஆகப்பெரிய தீவு, பூவுக்குப் பஞ்சமில்லை, தோட்டத்துக்குப் பஞ்சமில்லை. இந்தக் குருவி அங்கே குடியிருக்கவில்லை. வடகரையை ஒட்டிய சிறுதிட்டுகளில் எப்போதாவது வழிதவறியது ஒன்று தென்படும், அவ்வளவே. சுற்றிலும் பாருங்கள். வடக்கே பஹாமாஸ் முழுக்க இருக்கிறது. அதன் தென்கோடியில் உள்ள கிரேட் இனாகுவா தீவுக்கும் கியூபாவின் கிழக்கு முனைக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர்தான். கிழக்கே ஹைட்டி, தெற்கே ஜமைக்கா, கேமன் தீவுகள், எல்லாவற்றிலும் இருக்கிறது. பறக்க முடியாத தூரம் என்று சொல்ல வழியில்லை. பஹாமாஸ் பறவை கடலைத் தாண்டி அமெரிக்காவின் தென்கிழக்கு ஃப்ளோரிடா வரை அவ்வப்போது போகிறது. அங்கேயும் குடியேறவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல் தாண்டுவது ஒன்று, குடிகொள்வது வேறு. தீவுப் பறவைகளின் பரவலைப் பேசுகிறவர்கள் அடிக்கடி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஃப்ளோரிடாவைப் பரவல் எல்லைக்குள் சேர்த்து எழுதும் பக்கங்களை இந்த ஒரு காரணத்துக்காகவே சந்தேகிக்கலாம்.

இன்னொரு விசித்திரம் யூகட்டான் தீபகற்பம். மெக்சிகோவின் வெராக்ரூஸ், ஒஹாகா பக்கத்துப் பறவை நடு அமெரிக்கப் பறவையின் தொடர்ச்சி. ஆனால் யூகட்டானின் கிழக்கோரத்தில், கொசுமெல் தீவில் இருப்பது வேறு. வெளிறிய தொண்டை, பார்த்தால் பஹாமாஸ் சாயல். அது வெறும் சாயல் இல்லை என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

முதலில் குடும்பத் தகராறு. பூந்தேன் குடிக்கும் அமெரிக்கச் சிறு பறவைகளை எல்லாம் 'கோயெரெபிடே' என்ற ஒரு குடும்பத்தில் திரட்டி வைத்திருந்தார்கள். பூவைத் துளைக்கும் டிக்ளோசா, நீல நிறச் சியானெர்ப்பெஸ், டாக்னிஸ், கோனிரோஸ்ட்ரம், இவற்றோடு பனானாக்விட். தேன் குடிக்கும் நாக்கும் மெல்லிய அலகும்தான் உறவுக்குச் சாட்சி. 1951-இல் பீச்சர் என்ற ஆய்வாளர் தாடைத் தசைகளைப் பார்த்து, இது ஒரே வீட்டுக் கூட்டமில்லை, ஒரே தொழில் செய்யும் கூட்டம் என்று பிரித்துப் போட்டார். டேனேஜர் என்ற பறவைக் குடும்பத்தின் பக்கம் சிலது, வார்ப்ளர் என்ற குடும்பத்தின் பக்கம் சிலது. ஒவ்வொன்றாக மற்றவை கிளம்பிப் போனபின் கோயெரெபிடே வீட்டில் பனானாக்விட் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. ஓர் இனம் மட்டுமே உள்ள குடும்பம் என்பது பல நேரம் 'எங்கே வைப்பதென்று தெரியவில்லை' என்பதன் மரியாதையான வடிவம். வட அமெரிக்கப் பறவைப் பட்டியலின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்பில்கூட அது அப்படித்தான் இருந்தது. பிறகு சில காலம் வெளிப்படையாகவே 'இடம் உறுதியாகாதது' என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள்.

விடை மரபணுவிலிருந்து வந்தது. 2002-இல் பர்ன்ஸ், ஹேக்கெட், கிளைன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் பனானாக்விட் போய்ச் சேர்ந்த இடம் கலாபகோஸ் தீவுகளின் டார்வின் குருவிகள் இருக்கும் கிளை. விதை உடைக்கும் தடித்த அலகுக்காரர்களும் தேன் குடிக்கும் இந்த வளைந்த அலகுக்காரரும் நெருங்கிய சொந்தம். ஜமைக்காவின் ஆரஞ்சுகுவிட், கரீபியன் கிராஸ்குவிட்கள், புல்ஃபிஞ்ச்கள் எல்லாம் அதே கிளை. அலகைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது. கூட்டைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம். இந்தக் கிளையில் கிண்ணக் கூடு வழக்கமில்லை, மேலே மூடிய உருண்டைக் கூடுதான், பக்கவாட்டில் வாசல். அதனால்தான் அந்தக் கிளைக்கே குவிமாடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்துத் 'தோலோஸ்பைசா' என்று பெயரிட்டார்கள்.

இன்று எல்லாமே டேனேஜர் குடும்பமான திராபிடேவுக்குள். வட அமெரிக்கப் பட்டியலும் 2017-இல் அங்கே நகர்த்திவிட்டது. அந்தக் குடும்பத்துக்குள் இந்தக் கிளை ஒரு துணைக்குடும்பம். பெயரிடும் விதிப்படி பழைய பெயருக்கே முன்னுரிமை, ஆகவே துணைக்குடும்பத்தின் பெயர் 'கோயெரெபினே'. தனி வீடு பறிபோனாலும் பலகையில் பெயர் பனானாக்விட்டினுடையதே. உலகப்புகழ் பெற்ற டார்வின் குருவிகள் இப்போது இந்தச் சர்க்கரைத் திருடனின் பெயரில் உள்ள கிளையில் அடங்குகின்றன.

குடும்பம் முடிந்தது, இனம் முடியவில்லை. ஒரே இனம் என்று சொல்லப்படும் இதற்குள் 41 துணையினங்கள், அதாவது இடத்துக்கு இடம் சற்றே வேறுபடும் பிரிவுகள். பெரும்பாலும் தீவுக்கு ஒன்று: பார்படோஸுக்கு ஒன்று, பொனேருக்கு ஒன்று, வர்ஜின் தீவுகளின் செயின்ட் குரோய்க்கு ஒன்று, ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள ஹிஸ்பானியோலாவுக்கு ஒன்று, அதன் வடகரையில் ஒட்டிக்கிடக்கும் தோர்த்து தீவுக்குத் தனியாக ஒன்று. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்துப் பார்த்தால் இந்த 41-உம் மூன்று கூட்டமாகக் குவிகின்றன. ஜமைக்கா, ஹிஸ்பானியோலா, கேமன் தீவுகள் ஒன்று. பஹாமாஸும் யூகட்டானின் கிழக்கோரமும் இரண்டாவது. கொசுமெல் சாயலுக்கு விடை இதுதான். தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா, சிறு அண்டிலீஸ் தீவுகள், போர்ட்டோ ரிக்கோ மூன்றாவது.

மூன்றாவதின் கடைசிப் பெயரை மறுபடி படியுங்கள். போர்ட்டோ ரிக்கோவுக்கும் ஹிஸ்பானியோலாவுக்கும் நடுவில் இருப்பது மோனா நீரிணை, அகலம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கையேட்டில் இரண்டு கரையும் ஒரே நிறம். ஆனால் போர்ட்டோ ரிக்கோப் பறவைக்குச் சொந்தம் கிழக்கிலும் தெற்கிலும், ஹிஸ்பானியோலாப் பறவைக்குச் சொந்தம் மேற்கில். கியூபாவில் இல்லாமை எவ்வளவு பேசப்படுகிறதோ அவ்வளவு இந்தக் கோடும் பேசப்பட வேண்டும். பரவல் படம் போடுகிறவர்கள் இங்கே நிறத்தை மாற்றினாலே பாதி குழப்பம் தீரும்.

அப்படியானால் மூன்று இனமா? 2010 பிப்ரவரியில், பறவையியலாளர்கள் உலக அளவில் பயன்படுத்தும் ஐஓசி உலகப் பறவைப் பட்டியல் மூன்றாகத்தான் பிரித்தது: ஃப்ளாவியோலா, பஹாமென்சிஸ், பார்தொலெமிக்கா. பிறகு மறுபடி ஒன்றாக்கிவிட்டது. என் கணக்கில் பின்வாங்கியது சரி. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் வருவது, ஒரே ஒரு சாட்சி. தீவுகளில் பிரிந்து வாழும் பறவைகள் சேர்ந்தால் இணையுமா இணையாதா என்று இயற்கையில் சோதிக்க வழியில்லை. மூன்றாவது கூட்டத்துக்குள்ளேயே மெக்சிகோவின் வெராக்ரூஸிலிருந்து அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் வரை ஒரு கண்டம் அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் பஹாமாஸை மட்டும் வெட்டி எடுப்பது அவசரம். ஆனாலும் பஹாமாஸ் கூட்டம் தனி இனம் என்று நாளை முடிவானால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிரெனடாவிலும் செயின்ட் வின்சென்டிலும் இருக்கிறது. அங்கே உச்சி முதல் வால் வரை கரிக்கட்டைபோல் கறுத்த பனானாக்விட்கள் ஏராளம். மஞ்சளும் இல்லை, புருவக்கோடும் இல்லை. புதிதாகப் பார்ப்பவர் வேறு இனம் என்றுதான் சத்தியம் செய்வார். இரண்டு தீவிலும் மஞ்சள் பறவைகளும் உண்டு, அவற்றோடு இணைசேர்வதும் உண்டு. 2001-இல் காரணம் கண்டுபிடித்தார்கள். எம்சி1ஆர் என்ற நிறமி மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரதத்தின் 92-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின். கறுப்புக் கோழியிலும் கறுத்த எலியிலும் கண்ட அதே மாற்றம். கறுப்பு ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே பறவை முழுக் கறுப்பு. ஆகவே கறுப்பும் மஞ்சளும் ஜோடி சேர்ந்தால், கறுப்புப் பறவையிடம் இரண்டு பிரதியும் கறுப்பானால் குஞ்சுகள் எல்லாம் கறுப்பு. ஒன்று மட்டுமானால் சராசரியாகப் பாதிக்குப் பாதி. ஒரே கூட்டில் இரண்டு நிறக் குஞ்சுகளைப் பார்த்துக் கலப்பினம் என்று எழுதுகிறார்கள். அது கலப்பினம் இல்லை, ஒரே இனத்தின் இரண்டு உடுப்பு. முழுக் கறுப்பும் மஞ்சளும் ஒரே எழுத்தில் வேறுபடுகின்றன. பார்த்தால் ஒன்றுபோல் தெரியும் ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோப் பறவைகள்தான் உண்மையில் தூரத்து உறவு.

கிரெனடாவில் கறுப்புப் பறவையை அடையாளம் காண்பது எப்படி? அலகைப் பாருங்கள். புல்ஃபிஞ்ச் ஆணும் கருமுகக் கிராஸ்குவிட் ஆணும் கருமையாகத்தான் தெரியும், ஆனால் அவற்றின் அலகு கூம்பு, விதை உடைக்கும் அலகு. கூரிய வளைந்த அலகும் வாயோரச் சிவப்பும் இருந்தால் பனானாக்விட். வெனிசுவேலாவின் லோஸ் ரோக்கெஸ் தீவுக்கூட்டத்திலும் இதேபோல் கறுப்புப் பறவைகள் உண்டு.

குறிப்பு எடுக்கிறவர்களுக்கு. துணையினத்தை நிச்சயமாகச் சொல்லும் அடையாளம் இறகு இல்லை, தீவின் பெயர். அதை முதலில் எழுதுங்கள். 'கரீபியன்' என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. அடுத்து தொண்டை: வெள்ளையா, வெளிர் சாம்பலா, அடர் சாம்பலா. பிறகு மடித்த இறக்கையில், முதன்மை இறகுகளின் (இறக்கை நுனிப்பக்கத்து நீள இறகுகளின்) அடியில், வெள்ளைத்திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கரீபியன் பறவைகள் பலவற்றில் அது பளிச்சென்று இருக்கும், பிரேசில் பக்கத்துப் பறவைகளில் சிறுத்தோ இல்லாமலோ போகும். கடைசியாகப் பிட்டம், தெளிந்த மஞ்சளா பசுமை கலந்ததா. பிரேசிலின் துணையினப் பெயர் 'குளோரோபைகா' அந்தப் பச்சைப் பிட்டத்தைத்தான் குறிக்கிறது.

தவறு நேரும் இடங்கள் மூன்று. வெயிலில் எடுத்த படத்தில் சாம்பல் தொண்டை வெளுத்துப்போய் வெள்ளையாகத் தெரியும். ஃப்ளோரிடாவில் வெள்ளைத் தொண்டைதான் பஹாமாஸ் பறவைக்குச் சான்று என்பதால், நிழலில் இன்னொரு படம் வேண்டும். இளம்பறவைக்குப் புருவக்கோடு மஞ்சள் சாயலில் மங்கலாக இருக்கும், அதைப் புதுத் துணையினமாக்கிவிடாதீர்கள். மூன்றாவது மகரந்தம்: பூவுக்குள் தலையை விட்டு எடுத்ததும் நெற்றியிலும் தொண்டையிலும் மஞ்சளோ ஆரஞ்சோ அப்பியிருக்கும். ஃப்ளோரிடாவிலேயே மஞ்சள்தொண்டை வார்ப்ளரோடு குழப்பமும் வரும், ஆனால் அது தலைகீழ்: தொண்டை மஞ்சள், வயிறு வெள்ளை, அலகு நேர், விலாவில் கறுப்புக் கோடுகள்.

கூட்டை எண்ணி ஜோடிக் கணக்குப் போடுவதும் கூடாது. முட்டையிடும் கூடு தவிர, இரவில் தூங்குவதற்கென்றே இது தனிக் கூடு கட்டும், அது கொஞ்சம் சிறிது, பின்னல் தளர்வு. கருமுகக் கிராஸ்குவிட்டும் மூடிய உருண்டைக் கூடுதான் கட்டும், அதே கிளை ஆயிற்றே. உள்ளே போகும் பறவையைப் பார்க்காமல் கூட்டுக்குப் பெயர் எழுதாதீர்கள்.

உணவு விஷயத்தில் ஒன்று. ஹம்மிங் பறவைபோல் இது அந்தரத்தில் நின்று குடிக்காது, உட்கார இடம் வேண்டும். குழல் நீண்ட பூவானால் அடியில் அலகால் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொண்டு, மகரந்தத்தைத் தொடாமலே போய்விடும். சர்க்கரைத் தண்ணீர் வைப்பவர்கள் 1 பங்கு சர்க்கரைக்கு 4 பங்கு தண்ணீர் வைத்தால் போதும். தேனும் நிறப்பொடியும் வேண்டாம். அந்த வெப்பத்தில் சீக்கிரம் புளித்துவிடும், தினமும் மாற்ற வேண்டும். வர்ஜின் தீவுகளில் வெறும் சர்க்கரையைக் கிண்ணத்தில் கொட்டி வைப்பார்கள், அதையும் தின்னும்.

புயல் அடித்த பிறகு இந்தச் சர்க்கரை வெறும் வேடிக்கை இல்லை. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் செயின்ட் குரோய் தீவில் மரங்களை மொட்டையடித்துப் போனபின், பூச்சி தின்னும் பறவைகளைவிடத் தேன், பழம் உண்ணும் பறவைகளே அதிகம் அடிபட்டன, பனானாக்விட்டும் அதில் ஒன்று. பூ மறுபடி வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். செயின்ட் குரோய்ப் பறவை அந்த ஒரு தீவுக்கே உரிய துணையினம், பெயர் நியூட்டோனி. எனவே புயலுக்குப்பின் அங்கே எடுக்கும் கணக்கில் 'பனானாக்விட், உலகெங்கும் ஏராளம்' என்ற வரியை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது, தீவுக் கணக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.